ஓடாத கடிகாரத்தின் சத்தம்

முதல் எடிட்டை ஆச்சிக்குப் போட்டுக் காட்டினேன். சிரித்துவிட்டார். பேய்ப் படம் எடுத்தவனுக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. "இதுக்கா தம்பி மூணு நாளு எங்க வீட்டுல உருண்டு பொரண்டீக? பிள்ளை நடந்து வருது, டமால்னு ஒரு சத்தம், கருப்பா ஒண்ணு ஓடுது. எங்க வீட்டுப் பூனை ஓடுனாலே இதைவிடத் திடுக்குங்கும்" என்று சொல்லிவிட்டு, டீ ஆறிப்போவதை ஞாபகப்படுத்தினார்.

எனக்குத் தொழில் காரைக்குடியில் கல்யாண வீடியோ எடுப்பது. முகூர்த்தம் இல்லாத மாதங்களில் குறும்படம் எடுக்கும் நோய் உண்டு. இந்தப் படம் மொத்தம் 12 நிமிடம். இங்கே எழுதுவது முதல் 2 நிமிடம் 40 நொடியைப் பற்றி மட்டும். அதற்குத்தான் இரண்டு முறை படப்பிடிப்பும் ஐந்து வாரம் எடிட்டும் ஆனது. மிச்சம் 9 நிமிடத்தை ஒரே வாரத்தில் முடித்துவிட்டோம்.

வீடு கானாடுகாத்தான் பக்கம். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முகப்பு, வளவு (நடுவில் திறந்த முற்றமும் சுற்றித் தூண்களும் உள்ள கூடம்), இரண்டாம் கட்டு, அடுப்படி என்று நேர்கோட்டில் போய்க்கொண்டே இருக்கும். முன்வாசலில் நின்றால் கடைசிக் கதவு வரை ஒரே பார்வையில் தெரியும். வளவைச் சுற்றி வரிசையாக அறைகள், ஒவ்வொன்றும் ஒரு பங்காளிக்கு. கல்யாணம், முன்னோருக்குப் போடும் படைப்பு என்று வந்தால் திறப்பார்கள். மற்ற நாளெல்லாம் பூட்டுதான். எங்களுக்கு அனுமதி கொடுத்த ஆச்சிக்கு அதில் ஒரு பங்கு. "என் வீட்டுக் கதவை என்ன வேணாலும் பண்ணிக்கங்க. மத்த பூட்டுல கை வச்சுராதீக, சிங்கப்பூர்லேர்ந்து போன் வரும்" என்றார். அறைகளுக்குள் போக முடியாதே என்று அன்றைக்கு முகம் வாடியது. கடைசியில் அந்தப் பூட்டுகள்தான் படத்தைக் காப்பாற்றின.

கதை சின்னது. அந்தி நேரத்தில் ஒரு பெண் தனியாக வந்து, இரண்டாம் கட்டில் இருக்கும் பித்தளை அண்டாவை எடுத்துப் போக வேண்டும். வீட்டில் யாரும் இல்லை. அவ்வளவுதான். நடித்தது என் அக்கா மகள். சத்தத்துக்கு, கச்சேரிகளுக்கு மைக் செட் போடும் ஒரு தம்பி. நான் கேமரா. இன்னொரு ஆள் இருந்திருந்தால் பாதி வேலை மிச்சம்.

முதல் எடிட்டில் நடந்த தப்பை இப்போது சொல்வது சுலபம். 1 நிமிடம் 50 நொடியில் 31 ஷாட் வைத்திருந்தேன். கல்யாண வீடியோ எடுத்துப் பழகிய கை. மூன்று நொடிக்கு மேல் ஒரு ஷாட் நின்றால் அரிக்கும். அடியில் முழுக்க ஒரு இழுவையான இசை. 1:20-ல் டமால். இசை ஆரம்பத்திலிருந்தே "பயப்படு, பயப்படு" என்று சொல்லிக்கொண்டே இருந்ததால், டமால் வந்தபோது யாருக்கும் அது புதிதாக இல்லை.

திகில் பட இயக்குநர் ஹிட்ச்காக் 1962-ல் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவிடம் பேசியபோது சொன்ன மேசைக்கடி வெடிகுண்டு உதாரணத்தைச் சினிமா ஆசை உள்ள எல்லோரும் எங்காவது கேட்டிருப்பார்கள். குண்டு இருப்பது யாருக்கும் தெரியாமல் வெடித்தால் பதினைந்து நொடி அதிர்ச்சி. பார்ப்பவருக்கு மட்டும் தெரிந்து, மேசையில் இருப்பவர்களுக்குத் தெரியாவிட்டால் பதினைந்து நிமிடப் பதைப்பு. எனக்கும் இது மனப்பாடம். ஆனாலும் நான் வைத்தது வெடி மட்டும்தான். படித்தது கைக்கு வர, ஒரு ஆச்சி சிரிக்க வேண்டியிருந்தது.

சரி, மேசைக்கடியில் எதை வைப்பது? அது தானாக அமைந்தது. அன்றைக்கு டீ குடித்த டம்ளரை எடுத்துக்கொண்டு ஆச்சி தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். நாங்கள் வளவில் உட்கார்ந்திருந்தோம். கதவு சாத்தியபின் நாதாங்கிச் சங்கிலி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. மூன்று பேரும் அதையே பார்த்தோம். ஆடுகிற சங்கிலி என்றால் இப்போதுதான் ஒரு கை அதைத் தொட்டுவிட்டுப் போயிருக்கிறது என்று அர்த்தம். பூட்டிக் கிடக்கும் வரிசையில் ஒன்று மட்டும் ஆடினால்? அவள் அதைப் பார்க்காமலே கடந்து போனால்? உருவம் எதையும் காட்டவே வேண்டாம். கருப்புப் போர்வை போர்த்தி ஓடிய மைக் செட் தம்பிக்கு இதில் கொஞ்சம் வருத்தம்.

முதல் நாள் ஆச்சி கதவில் இருந்த குட்டைச் சங்கிலியையே ஆட்டிப் படமெடுத்தோம். மானிட்டரில் பார்த்தால் நாய் வாலாட்டுவது போல இருந்தது. காரணம் பள்ளிக்கூட இயற்பியல்தான். தொங்கும் நீளம் 10 செ.மீ. என்றால் ஒருமுறை போய்வர 0.6 நொடிதான் ஆகும். அவசரம் வந்துவிட்டால் பயம் போய்விடும். ஸ்லோமோஷனில் எடுக்கலாம், ஆனால் அதே ஃப்ரேமில் என் அக்கா மகளும் நடக்கிறாள், அவளும் மிதப்பாள். நேரத்தை இரண்டு மடங்காக்க நீளத்தை நான்கு மடங்காக்க வேண்டும். முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடையில் துருப்பிடித்த 40 செ.மீ. சங்கிலி ஒன்று கிடைத்தது. அதன் நுனியில் ஒரு பழைய பூட்டு. இப்போது ஒரு ஆட்டம் ஒன்றேகால் நொடி. மேலே மாட்டி, தூண்டில் நரம்பைக் கட்டி, தம்பி தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரே ஒரு இழு இழுத்துவிட்டுவிடுவார். தொடர்ந்து இழுத்தால் பொம்மலாட்டம் போலத் தெரியும். ஒருமுறை ஆட்டிவிட்டு, அது தானாக அடங்கிக்கொண்டே வருவதுதான் உண்மையாக இருந்தது. கை எடுத்துக் கொஞ்ச நேரம் ஆகிறது என்பதையும் அது சொல்லிவிடும்.

அடுத்தது கேமரா நகர்வு. வளவின் நீளத்துக்கு எட்டுத் தூண்கள், பர்மா தேக்கு. அவள் தூண்களுக்கு அந்தப் பக்கம் பூட்டிய கதவுகளை ஒட்டி நடக்க, கேமரா இந்தப் பக்கம் அவளோடு நகர வேண்டும். 12 மீட்டர், 30 நொடி, ஒரே ஷாட். வாடகைக்கு எடுத்த சக்கர ட்ராலியை ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஓட்டினேன். அந்தக் கல்லைக் கண்ணாடித் தட்டின் மேல் வார்த்து எடுப்பதால் முகம் வழவழவென்று இருக்கும். ஆனால் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இடைவெளி இருக்கிறதே. நொடிக்கு ஒன்றரைத் தடவை டக், டக் என்று கேமரா துள்ளியது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த காவல்கார அண்ணன் உள்ளே போய் ஒரு மணையும் பழைய ஜமுக்காளமும் கொண்டுவந்தார். "பீரோவை இப்படித்தான் நகத்துவோம்" என்றார். ஜமுக்காளத்தை நான்காக மடித்து, அதன்மேல் மணை, மணையில் கேமரா, முன்னால் கயிறு. துணி இடைவெளிகளை மூடிக்கொண்டே போகும். சத்தமும் இல்லை. தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்த தரை, வெண்ணெய் மாதிரி வழுக்கியது. ட்ராலிக்குக் கொடுத்த வாடகை தண்டம்.

இதில் கேட்காமலே ஒன்று கிடைத்தது. மணையில் வைத்ததால் கேமரா தரையிலிருந்து ஒன்றரை அடிதான் உயரம். 16 மி.மீ. லென்ஸில் தூண்கள் ஆகாயத்துக்குப் போயின; கதவுகள் மிரட்டின; அவள் சின்னவளாகிவிட்டாள். யாரோ மூலையில் தரையில் உட்கார்ந்தபடி அவளைப் பார்ப்பது போல ஒரு பார்வை. நான் திட்டமிட்டது இடுப்பு உயரம். திட்டம் தோற்றதே நல்லது.

தூண்கள் செய்யும் வேலை எடிட்டில்தான் முழுதாகப் புரிந்தது. ஒவ்வொரு தூணும் அவளை அரை நொடி மறைத்துத் திருப்பிக் கொடுக்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று. ஐந்தாவது தூணுக்குள் பார்ப்பவர் இந்தத் தாளத்தை எண்ண ஆரம்பித்துவிடுகிறார், அவருக்கே தெரியாமல். ஆறாவது தூணுக்குப் பின்னால் அவளை நிற்கச் சொன்னேன். கேமரா நிற்காது, அதே வேகத்தில் நகர்ந்துவிடும். ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் அவள் வர வேண்டிய இடத்தில் அவள் இல்லை. ஒரு கதவு. அதில் ஆடுகிற சங்கிலி. இரண்டு நொடி. அப்புறம் அவள் இடப்பக்கத்திலிருந்து ஃப்ரேமுக்குள் வந்து, செல்போன் வெளிச்சத்தைத் தரையில் அடித்துக்கொண்டு, அந்தக் கதவைத் திரும்பிப் பார்க்காமல் போகிறாள்.

"அங்கே எதுக்கு மாமா நிக்கணும்? காரணம் என்ன?" என்று கேட்டாள். கால் விரலில் ஏதோ குத்தியது என்று வைத்துக்கொள் என்றேன். நல்ல நடிகர்கள் காரணம் கேட்பார்கள். என்னிடம் எப்போதும் காரணம் இருப்பதில்லை.

வெளிச்சத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மாசி மாதம், 6.25 மணிக்கு மேல் முற்றத்து வானத்திலிருந்து வரும் நீல வெளிச்சம் இருபது நிமிடம் தாங்கும். ஒரு நாளைக்கு நான்கு டேக், அதோடு சரி. முகப்பில் எரிந்த ஒரு எல்.இ.டி. பல்ப் 1/60 ஷட்டரில் திரை முழுக்கப் பட்டை பட்டையாக ஓடியது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 1/50-க்கு மாற்றியதும் நின்றது. கல்யாண மண்டபத்தில் இதையே நூறு தடவை செய்திருக்கிறேன். இங்கே பதற்றத்தில் மறந்துவிட்டேன்.

இனி சத்தம். அதற்கு முன் நாங்கள் போட்டுக்கொண்ட மூன்று தடைகள்: கொலுசு கிடையாது, நாய் ஊளை கிடையாது, குழந்தை சிரிப்பு கிடையாது. தமிழ்ப் பேய்கள் அத்தனையும் ஒரே நகைக்கடையில் கொலுசு வாங்கியவை. எங்கள் பேயாவது வெறுங்காலோடு வரட்டும் என்று தம்பி சொன்னார். இசையையும் முழுதாக எடுத்துவிட்டேன். எடுத்ததும் படம் அம்மணமாக நின்றது. வீடு எப்படி ஒலிக்கும் என்று யோசிக்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

படப்பிடிப்பில் பதிவான ஒலி எதற்கும் உதவவில்லை. அந்தி நேரம், மயில்கள் அகவுகின்றன, முகப்பில் புறாக்கள் சிறகடிக்கின்றன, ஊர்க்கோயில் குழாய் ஸ்பீக்கரில் பாட்டு. அதனால் எல்லாவற்றையும் பின்னால் சேர்ப்பது என்று முடிவு செய்தோம். இந்த ஊருக்கு அது புதிதில்லை. காரைக்குடியில் பிறந்த ஏவி. மெய்யப்பன் 1944-லேயே கன்னட 'ஹரிச்சந்திரா'வைத் தமிழில் டப் செய்து வெளியிட்டவர். 1947-ல் வந்த 'நாம் இருவர்' தேவகோட்டை ரஸ்தாவில் அவர் போட்ட ஸ்டுடியோவில்தான் எடுக்கப்பட்டது. கல்யாணம் எடுக்க அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் இந்த நினைப்பு வரும்.

முதலில் வீட்டின் மௌனத்தைப் பதிவு செய்யப் போனோம், இரவு இரண்டரை மணிக்கு. ஆளில்லாத இடத்தில் ஒன்றுமே கேட்காது என்று நினைத்தால் அது தப்பு. ஹெட்போனில் அந்த வீடு மூச்சு விட்டது. மேலே ஓட்டுக்கடியில் வௌவால், எங்கோ மரம் சுருங்கும் டிக், முற்றத்தின் வழியாக இறங்கும் சிள்வண்டு, வெகு தூரத்தில் செட்டிநாடு ஸ்டேஷனைக் கடக்கும் ரயிலின் ஹாரன். ஹாரனை வெட்டிவிட்டு நான்கு நிமிடம் சுத்தமாகத் தேறியது. படம் முழுக்க அடியில் ஓடுவது அதுதான். இந்த ஒலி இல்லாமல் டைம்லைனில் வெறும் இடம் விட்டால், பார்ப்பவர் ஸ்பீக்கர் கெட்டுப்போச்சு என்று நினைப்பாரே தவிர, மௌனம் என்று நினைக்க மாட்டார்.

அதே இரவில் தம்பி ஒரு காரியம் செய்தார். போன வாரக் கல்யாணத்தில் மிஞ்சிய பலூன்களை ஊதிக்கொண்டு வந்திருந்தார். வளவின் நடுவில் நின்று ஒன்றை ஊசியால் குத்தினார். அந்த வெடிப்பும் அதன் கார்வையும் பதிவானால், அந்த இடம் ஒலியை எப்படித் திருப்பிக் கொடுக்கிறது என்ற அச்சு கிடைத்துவிடும். பிறகு என் வீடியோ கடையில் போர்வைக்குள் உட்கார்ந்து பதிவு செய்யும் எந்தச் சத்தத்தையும், ரீப்பர் என்ற ஒலி மென்பொருளில் கார்வை சேர்க்கும் ரியாவெர்ப்பில் இந்தப் பலூன் கோப்பைப் போட்டு, வளவில் எழுந்த சத்தமாக மாற்றலாம். பலூன் ஐந்து. மூன்றாவதில் காவல்கார அண்ணன் கம்போடு ஓடிவந்துவிட்டார். அவர் வந்த சத்தமும் பதிவில் இருக்கிறது.

இடத்துக்கு இடம் கார்வை மாறுவதும் அன்றைக்குத்தான் காதில் விழுந்தது. வளவில் கை தட்டினால் பாதி சத்தம் முற்றத்து வழியாக வானத்துக்குப் போய்விடுகிறது. இரண்டாம் கட்டுக்குப் போகும் நடையில் தட்டினால் "ட்ர்ர்ர்" என்று தகரத்தைச் சுரண்டுவது போல வருகிறது. இரண்டு பக்கமும் கண்ணாடி போல மெருகேற்றிய சுவர்கள், நடுவில் நான்கு மீட்டர். ஒலி போய்த் திரும்ப எட்டு மீட்டர். நொடிக்கு நாற்பது தடவைக்கு மேல் முட்டி முட்டித் திரும்புகிறது. படத்தில் அவள் நடைக்குள் நுழைந்ததும் "யாரு?" என்று கேட்கிறாள். குரல் திடீரென்று வேறு யாருடையதோ போல ஆகிவிடுகிறது. அதில் நாங்கள் எந்த எஃபெக்டும் போடவில்லை. கொத்தனார் போட்ட எஃபெக்ட்.

காலடிக்கும் பாடுபட்டோம். ஆத்தங்குடிக் கல்லில் வெறுங்கால் நடந்தால் சத்தமே வராது. ஆனால் லேசாக வேர்த்த கால் கல்லில் ஒட்டிப் பிரியும்போது ஒரு சின்ன "ப்ச்" வரும். கடையில் ஒரு கல்லை வைத்து, உள்ளங்கையில் கொஞ்சம் தண்ணீர் தொட்டு, மைக்கை ஒரு ஜாண் தூரத்தில் வைத்து, அழுத்தி அழுத்தி எடுத்தோம். கேமரா அவளிடமிருந்து நான்கு மீட்டரில் இருக்கிறது. சத்தம் காதருகில் இருக்கிறது. கண்ணுக்கு எட்ட, காதுக்குக் கிட்ட. இந்தப் பொருத்தமின்மையே ஒரு சங்கடத்தைக் கொடுக்கிறது. யாரோ அவள் காலுக்குப் பக்கத்தில் இருந்து கேட்கிறார்கள் என்று தோன்றும்.

கதவுக் கதை தனி. முதல் முறை போனபோது நிலைக்கதவு திறக்கும் சத்தம் கேட்டுப் புல்லரித்தது. கீல் இல்லாத குடுமிக் கதவு. மரக்குடுமி குழியில் சுழலும்போது ஒட்டி, விடுபட்டு, மறுபடி ஒட்டி என்று வரும் முனகல். வேகமாகத் தள்ளினால் ஒரே கீச். மெதுவாகத் தள்ளினால் ஒவ்வொரு ஒட்டலும் தனித்தனியாகக் கேட்கும், யாரோ பல்லைக் கடிப்பது போல. இதற்காகவே மைக்கைத் தூக்கிக்கொண்டு மறுநாள் போனால், கதவு வழுக்கிக்கொண்டு திறக்கிறது, சத்தமே இல்லை. ஆச்சி பெருமையாக, "படம் பிடிக்க வாரீகன்னு விளக்கெண்ணெய் போடச் சொன்னேன். ரொம்ப நாளாக் கத்திக்கிட்டுக் கெடந்துச்சு" என்றார். ரொம்ப நல்லதாப் போச்சு ஆச்சி என்று சொல்லிவிட்டு வெளியே வந்து தலையில் கை வைத்து உட்கார்ந்தேன்.

நாற்காலி, கட்டில், பழைய செருப்பு, ஊஞ்சல் கொக்கி என்று எதை எதையோ முறுக்கிப் பார்த்தோம். கடைசியில் கிடைத்தது பின்கட்டில். கிணற்றுக் கப்பி. காலி வாளியை ஒரு விரலால் இழுத்தால் அது அழுதது. பதிவு செய்து பாதி வேகத்துக்குக் குறைத்ததும் சுருதி ஒரு ஸ்தாயி இறங்கிக் கனத்த தேக்கு ஆனது. வளவின் பலூன் கார்வையைச் சேர்த்ததும் கதவேதான்.

சங்கிலி கதவில் மோதும் "டொக்"கையும் தனியாகப் பதிவு செய்து, ஒன்றேகால் நொடிக்கு ஒன்று என்று அடுக்கினேன். படத்தில் சங்கிலி தெரிவதற்கு இருபது நொடி முன்பிலிருந்தே மெதுவாக ஆரம்பிக்கட்டும் என்று வைத்தேன். முன்கூட்டிக் கேட்டால் காத்திருப்பார்கள் என்ற கணக்கு. அக்கா மகள் வந்து பார்த்தாள். 0:50-ல் நிறுத்தச் சொன்னாள். "மாமா, இது கடிகாரச் சத்தம்தானே?" இல்லை என்றேன். "நான் கடிகாரம்னுதான் நெனச்சேன். ஆனா அங்க பாருங்க, சுவத்துல மாட்டியிருக்கிற கடிகாரம் ஓடலையே."

திரும்பிப் பார்த்தேன். முகப்பில் அவள் உள்ளே வரும் ஷாட்டில், ஓரத்தில், ஆச்சி வீட்டுப் பழைய சுவர்க்கடிகாரம். 4.10-ல் நின்று எத்தனையோ வருடம் ஆகிறது. நான் அதைக் கவனித்ததே இல்லை. அப்படியானால் இருக்கிற ஷாட்டுகளை இடம் மாற்றினால் போதும். முதலில் சத்தம்: டொக், டொக். கூடம், தூண்கள். பெரிய வீடு, கடிகாரம் இருக்கும் என்று பார்ப்பவர் தானாக முடிவு செய்துகொள்கிறார். அவர் முடிவு செய்ய நாற்பது நொடி கொடுத்தோம். அதன்பின் கடிகாரத்தைக் காட்டுகிறோம். பெண்டுலம் அசையாமல் தொங்குகிறது. சத்தம் நிற்கவில்லை. அப்புறம்தான் தூண்கள், ஆறாவது தூண், சங்கிலி. கடிகார ஷாட்டை மட்டும் நெருக்கமாக ஒருநாள் போய் எடுத்துவந்தோம். எட்டு நொடி, கேமரா அசைவே இல்லை. கல்யாணக்காரக் கை மூன்று நொடியில் வெட்டச் சொன்னது. கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

இதோடு இன்னொரு கழித்தல். கடிகாரம் தெரிவதற்கு மூன்று நொடி முன்னால் சிள்வண்டுச் சத்தத்தை நிறுத்தினோம். மெல்லக் குறைக்காமல், பட்டென்று. ஆள் நெருங்கினால் சிள்வண்டு வாயை மூடிக்கொள்ளும் என்பது கிராமத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எதற்காக மூடியது என்ற கேள்வி காதில் உட்கார்ந்துகொள்கிறது.

காட்சிக்கு அடியில் ஓடும் தாழ்ந்த ஒலியில், அதாவது அடித்தொனியில், கொஞ்ச நாள் வீணானது. விக் டேண்டி என்ற ஆங்கிலேயர், தான் வேலை பார்த்த ஆய்வகத்தில் பேய் உலாவுவது போலத் தோன்றியதற்குக் காரணம், ஒரு மின்விசிறி எழுப்பிய சுமார் 19 ஹெர்ட்ஸ் அதிர்வு என்று 1998-ல் கட்டுரை எழுதினார். மனிதக் காது சுமார் 20 ஹெர்ட்ஸில்தான் தொடங்குகிறது. கேட்காத ஒலி பயமுறுத்துகிறது என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? நானும் 19 ஹெர்ட்ஸ் போட்டேன். கடை ஸ்பீக்கரின் காகிதம் மட்டும் தவளைத் தொண்டை போலத் துடித்தது. யாரும் பயப்படவில்லை. அதை விட்டுவிட்டு 55 ஹெர்ட்ஸ் வைத்தேன். ஹெட்போனில் பிரமாதம், செல்போனில் சுத்தமாகக் காணோம். அந்தக் குட்டி ஸ்பீக்கர் அவ்வளவு கீழே இறங்காது. வழி இருந்தது. அதே ஒலியின் மடங்குகளான 165, 220, 275 ஹெர்ட்ஸையும் லேசாகச் சேர்த்தால், அடியில் இருக்கும் 55-ஐக் காது தானே ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. நம் ஆட்களில் முக்கால்வாசிப் பேர் செல்போனில்தான் பார்ப்பார்கள் என்பதை முதலிலேயே நினைத்திருக்க வேண்டும்.

செல்போனில் கேட்க வேண்டும் என்று மௌனமான இடங்களையும் ஏற்றிவைத்த தப்பும் செய்தேன். எல்லாம் ஒரே மட்டத்துக்கு வந்து, கடைசியில் வரும் கதவுச் சத்தம் சவத்துப் போனது. யூடியூப் எப்படியும் அதிகச் சத்தமான வீடியோவைச் சுமார் மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். (சத்தத்தின் உரப்பை அளக்கும் அலகு) அளவுக்கு இறக்கிவிடும், உரக்க வைத்து லாபமில்லை. எனவே வீட்டின் மூச்சைத் தாழவே விட்டுவிட்டேன். கேட்காதவர்கள் செல்போனைக் காதருகில் கொண்டு போவார்கள். கொண்டு போகட்டும், அதுதானே வேண்டும்.

இரண்டாவது எடிட் 2:40, ஒன்பதே ஷாட். கடையில் ஏழெட்டுப் பேரை உட்காரவைத்து, நடுவில் ஒரு தட்டுச் சீப்புச்சீடை வைத்தேன். விருந்தோம்பல் பாதி, சோதனை பாதி. நான் திரையைப் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு கடிக்கும் சத்தத்தைக் கேட்டேன். முதல் எடிட்டுக்கு இதே ஆட்கள் கடைசி வரை நொறுக்கிக்கொண்டிருந்தார்கள். இந்த முறை 0:40 வரை கறுக் முறுக். கடிகாரம் வந்ததும் குறைந்தது. ஆறாவது தூணில் ஒரு வாயும் அசையவில்லை. ஒருவர் மட்டும் கடித்ததை மெல்லாமல் வாயிலேயே வைத்துக்கொண்டு, அவள் திரும்ப ஃப்ரேமுக்குள் வந்தபின் மெல்ல ஆரம்பித்தார்.

குறைகள் இன்னும் இருக்கின்றன. 1:12-ல் ஹெட்போனில் கேட்டால் ஒரு மயில் இருக்கிறது. கடிகார ஷாட்டின் நீலம் மற்றதோடு முழுதாக ஒட்டவில்லை. விட்டுவிட்டேன். சங்கிலியைக் கழற்றிக்கொண்டு, ஆச்சியின் பூட்டைப் பழையபடி மாட்டிக் கொடுத்தோம்.

ஆச்சிக்கு மறுபடியும் போட்டுக் காட்டினேன், ஹெட்போனோடு. இந்த முறை சிரிக்கவில்லை. முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் நிலைக்கதவையே பார்த்தார்.

"ஏந் தம்பி, அந்தக் கதவுக்குத்தான் எண்ணெய் போட்டாச்சே. பெறகெப்படிக் கத்துது?"

கிணற்றுக் கப்பி என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது பார்த்து மண்டபத்திலிருந்து போன் வந்துவிட்டது. மறுநாள் காலையில் காவல்கார அண்ணனைக் கூப்பிட்டு, இரண்டு குடுமிக்கும் இன்னொரு தடவை விளக்கெண்ணெய் போடச் சொன்னாராம்.